ஆறு வாரமாகக் காய்ச்சல்: தொற்றுநோய் நிபுணரைப் பார்க்கும் முன் எடுக்க வேண்டியதும் வேண்டாததும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன். அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் வயலில் இறங்கி வேலை பார்க்கிறவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆறு வாரமாக மாலைதோறும் காய்ச்சல் வருகிறது, எடையும் இறங்கியிருக்கிறது. வைடால் என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்று ஒரு மருத்துவர் டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார். சிறுநீர்க் கல்ச்சரில் (மாதிரியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஈ. கோலை என்ற கிருமி வளர்ந்தது என்று இன்னொருவர் வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தார். டிபி கோல்டு என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவாக இருப்பதால் காசநோய் மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று மூன்றாமவர் சொல்ல, நான்காமவர் தொற்றுநோய் நிபுணரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் புதிதாக என்ன செய்வார், போவதற்கு முன்பே எல்லாச் சோதனைகளையும் எடுத்து முடித்துவிடலாமா, நூறு கிருமிகளின் மரபணுவை ஒரே ரத்த மாதிரியில் தேடும் பெரிய பிசிஆர் பேனலுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். மாதிரிகள் எங்கள் மேசைக்கு எப்படி வந்து சேர்கின்றன, எந்த நிலையில் வந்தால் அவற்றால் பயன் உண்டு, எந்த நிலையில் வந்தால் இல்லை என்பதை அன்றாடம் பார்க்கும் இடத்திலிருந்து இதை எழுதுகிறேன். கட்டாயம் அந்த நிபுணரைப் பாருங்கள். அதற்கு முன் புதிதாக எந்தச் சோதனையும் எடுக்க வேண்டாம். பேனல் இப்போது வேண்டாம். காசநோய் மாத்திரையை அவர் பார்க்கும்வரை தொடங்க வேண்டாம். இப்படிச் சொல்வதற்கான காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொற்றுநோய் நிபுணரின் முதல் சந்திப்பில் பெரும்பகுதி கேள்விகளிலேயே போகும். முதலில் காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பார். நாட்களின் எண்ணிக்கையே பாதி நோய்களை விலக்கிவிடும். டெங்கு ஆறு வாரம் நீடிக்காது. எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் பெரும்பாலும் இவ்வளவு நாள் இழுப்பதில்லை. 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் மூன்று வாரத்துக்கும் அதிகமாக நீடித்து, மருத்துவமனையில் ஒரு வாரம் ஆராய்ந்தும் காரணம் பிடிபடாத காய்ச்சலைத் தனி வகையாக 1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு மருத்துவர்கள் வரையறுத்தார்கள். அந்த வரையறை பின்னாளில் திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை இன்றும் உதவுகிறது: இத்தனை நாள் நீடிக்கும் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் நெடுநாள் தொற்றாகவோ, நிணநீர்க்கட்டிப் புற்றுநோய் போன்ற ஒன்றாகவோ, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோயாகவோ இருக்கும், சில வேளைகளில் கொடுக்கப்பட்ட மருந்தே காய்ச்சலை உண்டாக்கிக்கொண்டிருக்கும். இது தொற்றே இல்லை என்று சொல்லி வேறு துறைக்கு அனுப்புவதும் அந்த நிபுணரின் வேலையில் அடங்கும்.

அடுத்த கேள்விகள் வாழ்க்கையைப் பற்றியவை. வீட்டில் மாடு இருக்கிறதா, காய்ச்சாத பால் குடிப்பதுண்டா, மாடு கன்று ஈனும்போது கைகொடுத்தாரா என்பது கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லா கிருமிக்கான கேள்வி. மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நின்றாரா, காலில் புண் இருந்ததா என்பது ஈர மண்ணில் வாழும் கிருமியால் வரும் மீலியாய்டோசிஸ் என்ற நோய்க்கான கேள்வி. அண்மையில் பல் பிடுங்கினாரா, சிறு வயதில் இதய வால்வு பழுது என்று யாராவது சொன்னார்களா என்பது இதய உள்ளுறைத் தொற்றுக்கானது. வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததுண்டா, உடலுக்குள் தகடோ செயற்கை மூட்டோ இருக்கிறதா, லேப்ராஸ்கோப்பி (சாவித்துவார) அறுவை நடந்ததா என்றும் கேட்பார். கடைசிக் கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. சாவித்துவார அறுவை முடிந்து சில வாரங்களில் தழும்பு இருந்த இடத்தில் கட்டி கிளம்பிச் சீழ் வடிந்தால், சரியாகத் தூய்மைப்படுத்தாத கருவி வழியே நுழைந்த, காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் அதற்குக் காரணமாக இருக்கலாம். வழக்கமான காசநோய் மாத்திரை அவற்றில் பலவற்றைக் கட்டுப்படுத்தாது. பாலுறவு பற்றிய கேள்விகளும் வரும். பிள்ளைகள் உடன் இருக்கும்போது அப்பா அவற்றுக்கு மனம் திறந்து பதில் சொல்ல மாட்டார் என்பதால், அவரைச் சிறிது நேரம் மருத்துவருடன் தனியே விட்டுவிடுங்கள். எச்ஐவி சோதனை கேட்டாலும் மனம் வருந்த வேண்டாம். விளங்காத நெடுநாள் காய்ச்சல் உள்ள யாருக்கும் அதைச் செய்வது முறை. நோயாளியின் ஒப்புதல் பெற்றே செய்ய வேண்டும் என்பது சட்டம்; அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் அது இலவசம்.

இனி உங்கள் கையில் இருக்கும் மூன்று பாசிட்டிவ்களைப் பார்ப்போம். அவற்றில் ஒன்றுகூட இந்தக் காய்ச்சலின் காரணத்தைச் சொல்லவில்லை என்பது என் உறுதியான கருத்து.

வைடால் சோதனை 1896இல் வந்தது. டைபாய்டுக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை அளப்பது அதன் வேலை. எப்போதோ வந்துபோன டைபாய்டு, தடுப்பூசி, வேறு தொற்றுகள் ஆகிய எல்லாவற்றாலும் அந்த அளவு உயரும். டைபாய்டு பரவலாக இருக்கும் நம் ஊரில் ஒரே ஒரு முறை எடுத்த வைடாலை வைத்து நோயை முடிவு செய்வது சரியல்ல. டைபாய்டை உறுதிப்படுத்த ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த ரத்தக் கல்ச்சர் வேண்டும். அப்பாவுக்கு அது எடுக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்த வரி அதுதான்.

சிறுநீரில் ஈ. கோலை வளர்ந்ததற்கும் அதே அளவு எச்சரிக்கை வேண்டும். எரிச்சலோ, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலோ, இடுப்பு வலியோ இல்லாத முதியவர்களின் சிறுநீரில், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில், கிருமி இருப்பது வழக்கமான ஒன்று. அறிகுறியில்லாத இந்த நிலைக்குக் கர்ப்பிணிகளைத் தவிரவும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களைத் தவிரவும் பொதுவாக மருந்து தேவையில்லை. ஆனாலும் உங்கள் அப்பா வயதுள்ள ஓர் ஆணிடம் நிபுணர் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றி நினைப்பார். அங்கே சீழ்க்கட்டி ஒளிந்திருந்தால் வெளிப்படையான சிறுநீர்த் தொல்லை இல்லாமலேயே வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கலாம்.

மூன்றாவது, டிபி கோல்டு. காசநோய்க் கிருமியை ரத்த வெள்ளணுக்கள் முன்பே சந்தித்திருக்கின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்தக் கிருமியை உறங்கும் நிலையில் சுமந்துகொண்டிருக்கிறார். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் நோய் வருவதே இல்லை. எனவே பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று பொருளாகாது. நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று பொருளாகாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசநோயைக் கண்டறிவதாகச் சொன்ன வேறு வகைச் சோதனைகளை மத்திய அரசு 2012இல் தடை செய்தது. டிபி கோல்டு அந்தத் தடைக்குள் வராது. ஆனால் உறங்கும் கிருமியைக் கண்டறிய வந்த சோதனையை நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. காசநோயை உறுதி செய்ய நோய் இருக்கும் இடத்திலிருந்தே மாதிரி வேண்டும்: சளி, நெறிக்கட்டியிலிருந்து ஊசியால் எடுத்தது, நுரையீரல் உறையில் தேங்கிய நீர், எலும்பு மச்சை என எது பொருந்துமோ அது. அதைக் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் சோதித்தால் சில மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டு விடையும் கிடைக்கும். அரசின் காசநோய்த் திட்டத்தில் இதற்குக் கட்டணம் இல்லை.

"மாத்திரையைத் தொடங்கிப் பார்க்கலாம், குணமானால் காசநோய்தான்" என்ற யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின் வேறு பல கிருமிகளையும் கொல்லும். புரூசெல்லாவுக்கும் அதுவே மருந்துகளில் ஒன்று. எனவே இரண்டு மூன்று வாரம் காய்ச்சல் தணிந்தால் அது எதையும் நிரூபிக்காது. அந்த இடைவெளியில் கல்ச்சர் எடுக்கும் வாய்ப்புப் போய்விடும். மாதிரியே கிடைக்காத இடங்களில், மூளைக்காய்ச்சல் போலத் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், நிபுணர்களும் உறுதிப்படுத்தாமல் தொடங்குவதுண்டு. நடந்து மருத்துவமனைக்கு வரக்கூடிய உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை. இதோடு சேர்ந்த இன்னொன்று: லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி வைத்து நோயறிதலைத் தள்ளிப்போடும். அப்பாவுக்கு அது கொடுக்கப்பட்டிருந்தால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதை எழுதி எடுத்துப் போங்கள்.

வயல், சர்க்கரை நோய், வாரக்கணக்கில் காய்ச்சல், எடை இழப்பு ஆகிய நான்கும் ஒன்றாக வரும்போது என் மனம் மீலியாய்டோசிஸைத்தான் முதலில் தேடும். 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளின்போது இனங்கண்ட நோய் இது. இதற்குக் காரணமான பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. சர்க்கரை நோயாளிகளையே மிக அதிகமாகத் தாக்குகிறது. நுரையீரல், ஈரல், மண்ணீரல், மூட்டு, புராஸ்டேட் என எங்கு வேண்டுமானாலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். எக்ஸ்ரேயில் அச்சு அசலாகக் காசநோய் போலவே தோன்றும். இந்த நோய்க்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள் போட்டு, அதன் பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்க வேண்டும். காசநோய் மாத்திரையால் இது குணமாகாது. ஆய்வகத்தில் இந்தக் கிருமி வளர்ந்தாலும், பழக்கமில்லாதவர்கள் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி இனம் என்று எழுதிவிடக்கூடும். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் கட்டுப்படாமல் அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும், கிராம் நெகட்டிவ் என்ற வகையைச் சேர்ந்த கிருமி கண்ணில் பட்டால் எங்களுக்கு உடனே பொறிதட்ட வேண்டும். "விவசாயி, சர்க்கரை நோய், மீலியாய்டோசிஸ் ஐயம்" என்று விண்ணப்பச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் அந்தக் கிருமி வளர்வதற்குரிய சத்துக் கலவையில் வளர்ப்போம், உரிய பாதுகாப்போடு கையாள்வோம். எந்த நோயை ஐயப்படுகிறார் என்று ஆய்வகத்துக்குச் சொல்லிவிட்டு மாதிரியை அனுப்புவது தொற்றுநோய் நிபுணரின் பழக்கம். பெரும்பாலான சீட்டுகள் "காய்ச்சல்" என்ற ஒற்றைச் சொல்லோடு வருகின்றன. அப்பாவுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. இதைத் தேடாமல் விடக்கூடாது என்கிறேன்.

எதைத் தேடுவதானாலும் மாதிரி சரியாக இருக்க வேண்டும். நோயாளியின் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றில் இதுவே மிக முக்கியம் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

முறையான ரத்தக் கல்ச்சர் என்றால், வயது வந்தவருக்கு ஒரு முறைக்கு இரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி ரத்தம்; இப்படி உடலின் வேறு வேறு இடங்களிலிருந்து இரண்டு அல்லது மூன்று முறை. இவ்வளவா என்று உறவினர்கள் திகைப்பதுண்டு. ரத்தத்தில் தொற்று இருக்கும்போதுகூட ஒரு மில்லியில் ஒரு கிருமிக்கும் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒரே பாட்டிலில் 3 மில்லி எடுத்து "வளர்ச்சி இல்லை" என்று வரும் அறிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை. வேறு வேறு இடங்களில் எடுப்பதற்குக் காரணம், தோலில் சாதாரணமாக வாழும் கிருமி ஊசியோடு தவறிச் சேர்ந்ததா, உண்மையிலேயே ரத்தத்தில் இருந்ததா என்று பிரித்தறிவது. இதய வால்வில் தொற்று இருந்தால் மீண்டும் மீண்டும் எடுத்த பாட்டில்களில் ஒரே கிருமி வளரும்; அதுவே நோயறிதலின் தூண். இடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தால் வால்வில் கிருமி உயிரோடு இருக்கும்போதே கல்ச்சர் வெறுமையாக வரலாம். ஆகவே நோயாளி நிலையாக இருந்தால், நடந்துகொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திச் சில நாள் பொறுத்து அதன் பிறகு கல்ச்சர் எடுப்பது நிபுணர்கள் கையாளும் வழி. மருந்தை நிறுத்துகிறாரே என்று அச்சப்படாதீர்கள். அதே வேளையில் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

திசு எடுக்கும்போது நேரும் இழப்பு இதைவிட வேதனையானது. நெறிக்கட்டியிலோ முதுகெலும்பிலோ ஈரலிலோ திசு எடுத்தால் அதை வழக்கப்படி பார்மலின் பாட்டிலில் போட்டு நோயியல் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும். அதில் ஊறிய திசுவில் எதையும் வளர்க்க முடியாது. எலும்புக்குள் ஊசி செலுத்தி எடுத்த ஒரு துண்டு முழுவதும் பார்மலினில் வந்து சேரும்போது, அந்த நோயாளி இன்னொரு முறை அதே வலியைத் தாங்க வேண்டியிருக்குமே என்று எங்களுக்கு மனம் கலங்கும். திசு எடுக்கும் நாளில் நீங்கள் பணிவாகக் கேட்க வேண்டியது இதுதான்: "டாக்டர், கல்ச்சருக்கும் டிபி பிசிஆருக்கும் ஒரு பங்கு சலைனில் தனியாக அனுப்புவீர்களா?" இதற்குள் ஏதாவது திசு எடுத்து முடிந்திருந்தால், நோயியல் ஆய்வகத்தில் மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் பத்திரமாக இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி நிபுணரிடம் கொண்டுபோகலாம்.

பேனல் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சோதனையிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயே இல்லாத ஒருவருக்கு அப்படிப்பட்ட, ஒன்றையொன்று சாராத 30 சோதனைகளைச் சேர்த்து எடுத்தால், அவற்றில் ஒன்றாவது தவறாகப் பாசிட்டிவ் வரும் வாய்ப்பு நான்கில் மூன்றுக்கும் அதிகம். அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு இன்னும் ஒரு மாதம் போகும். வைடால் விஷயத்தில் உங்களுக்கு நடந்தது அதுவே. இன்னொரு குறையும் உண்டு: காசநோய் நெறிக்கட்டியிலோ எலும்பிலோ இருக்கும்போது ரத்தத்தில் பிசிஆர் செய்தால் பெரும்பாலும் அகப்படாது. மூளைத் தண்டுவட நீரிலோ நுரையீரல் சளியிலோ, குறிப்பிட்ட கேள்வியோடு செய்யும் பேனல்கள் உயிர்காக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன். எந்தச் சோதனை எழுதப்பட்டாலும் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: இது பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன மாறும்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தச் சோதனை இப்போதைக்குத் தேவையில்லை.

பெட் ஸ்கேன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கே அழற்சி இருக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டும். அது என்ன நோய் என்பதைச் சொல்லாது. எங்கிருந்து திசு எடுப்பது என்று தெரியாமல் திணறும்போது அது பயன்படும். மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எக்கோ (இதய ஸ்கேன்), கல்ச்சர் ஆகியவற்றுக்குப் பிறகே அது வர வேண்டும். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் படம் தெளிவாக வராது. அப்பாவின் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் நாள் குறிக்காதீர்கள்.

கிருமி வளர்ந்து மருந்துப் பட்டியலோடு அறிக்கை வந்தால், அதில் எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு) என்ற எண் எந்த மருந்துக்குக் குறைவோ அதுவே சிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. மருந்து அந்த உறுப்புக்குள் போய்ச் சேருமா என்பதும் முக்கியம்: நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நல்ல மருந்து, சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது.

எங்கே போவது என்பதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. இந்தத் துறையில் உயர்பட்டம் பெற்றவர்கள் நம் மாநிலத்தில் குறைவு. பெரும்பாலோர் சென்னை போன்ற பெருநகரங்களிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பிறகு காணொளி வழியாக முதல் ஆலோசனை பெறுவது முறைப்படி ஏற்கப்பட்டிருக்கிறது. அதில் அவர் சொல்லும் கல்ச்சரையும் ஸ்கேனையும் தஞ்சாவூரிலேயே எடுத்துக்கொண்டு நேரில் போகலாம். ஆனால் உடலைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு எட்டாது: கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, நகத்தடி, கண், விதைப்பை, முதுகெலும்பு என ஒவ்வோர் இடத்தையும் அவர் பார்க்க வேண்டும்.

ஒரே தாளில், தேதி வரிசையில், காய்ச்சல் தொடங்கிய நாள், தெர்மாமீட்டரில் பார்த்த அளவுகள், ஒவ்வொரு மருந்தின் பெயர், தொடங்கிய நாள், நிறுத்திய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். காய்ச்சல் இறங்குவதற்காகப் போட்ட ஊசியின் பெயரையும் அந்தந்தக் கிளினிக்கில் கேட்டு எழுதுங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் நோயின் தோற்றத்தையே மாற்றியிருக்கும். ஸ்கேன்களின் அறிக்கையோடு படத்தையும் குறுந்தகட்டையும் எடுத்துப் போங்கள். முடிவுகளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்: ரத்தக் கல்ச்சர் ஐந்து நாள் வரை, காசநோய்க்கான திரவக் கல்ச்சர் ஆறு வாரம் வரை. இடையில் வேறொரு மருத்துவரிடம் போய் ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

மூச்சு வாங்குவது, பேச்சுக் குழறல் அல்லது மயக்கம், சிறுநீர் குறைவது, கைகால் சில்லிட்டுப் போவது, கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பது, காலில் திடீர் வலுக்குறைவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், குறித்து வைத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் அன்றே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே முதல் ஊசி போடும் முன் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லி நினைவூட்டுங்கள். அதற்காக ஊசியைத் தாமதப்படுத்தத் தேவையில்லை, ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடலாம்.